நாற்பது நோயாளிகள் தேவை

சத்தக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாக அவள் சத்தக்காதான். பெண்கள் வார்டின் ஒரு கோடியில் நின்று, "ஏழாம் நம்பர் கட்டில், ஊசி!" என்று அவள் குரல் கொடுத்தால், மாடியில் ஆண்கள் வார்டில் ஏழாம் நம்பர்க்காரரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார். அப்படி ஒரு தொண்டை. வார்டில் ஒலிபெருக்கி வைக்க ஒருமுறை திட்டம் போட்டார்கள். சத்தக்கா இருக்கும்போது எதற்கு வீண் வேலை என்று தலைமை சிஸ்டரே தடுத்துவிட்டார்.

பத்தொன்பது வயதில் வார்டு ஆயாவாகச் சேர்ந்தாள். முதல் நாள் கொடுத்த வேலை, துணி அறைக்குப் போய் ஆபரேஷன் தியேட்டருக்கான பச்சை அங்கிகளை வாங்கி வருவது. அங்கே தையல் மெஷினுக்குப் பின்னால் ஒல்லியாக ஓர் ஆள். அவர் தைத்த அங்கிகளில் முதுகுப் பக்கம் கட்டும் நாடா எல்லாம் ஒரு சாண் குட்டை.

"ஏங்க, இதைக் கட்டினா சர்ஜனுக்கு முதுகு பூரா ஜன்னலா இருக்குமே?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நாடாவை மிச்சம் பிடிக்கச் சொல்லி ஆர்டர்."

"ஆர்டர் போட்டவருக்கு முதல்ல ஒண்ணை மாட்டி, வராந்தாவில ஒரு நடை நடக்கவிடுங்க."

அடுத்த வாரம் நாடா நீண்டது. அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தையல்காரர் இன்றுவரை சாதிக்கிறார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்தத் தையல்காரருக்குத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் "வயசானா வரும், போகும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். வந்தது, போகவில்லை. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷின் அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே அனுப்பும். ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டிய சந்தில்தான் வீடு. போகும்போது பத்து நிமிஷ நடை. வரும்போது கால் துவண்டு இருபது நிமிஷம் ஆகும். மெஷின் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் பூனைக்குட்டி போல உறுமிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்ததும் சத்தக்கா அதில் காதை வைத்துப் பார்ப்பாள். உறுமல் கேட்டால்தான் அடுத்த வேலை. ஊரையே எழுப்பும் குரல்காரி, அந்த ஒரு நிமிஷம் மட்டும் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுவாள்.

ஒரு முறை தப்பினால் அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டு முறை தப்பினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்த ஆஸ்பத்திரியைச் சுற்றித்தான் மருத்துவக் கல்லூரி இருந்தது. சுற்றி என்றால், இடம் கிடைத்த பக்கமெல்லாம். எதிரே பஸ் நிலையம், பின்னால் சந்தை, பக்கத்தில் சரக்கு ரயில் கொட்டகை. மூட்டை தூக்கி இடுப்பு பிடித்தவரும், பஸ்ஸில் தொங்கி விழுந்தவரும், பிரசவ வலி எடுத்தவளும் தேடி அலையாமலே உள்ளே வந்துவிடுவார்கள். வகுப்பறைச் சுவரில் காரை உதிரும். ஆனால் ஒரு மாணவன் ஐந்து வருஷத்தில் பார்க்காத நோய் என்று ஒன்று பாக்கி இருக்காது.

இந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததோ, அது மூன்றரை மணி நேரப் பயணத்தில், ஒரு மலைச்சரிவில் இருந்தது. அதைக் கட்டியவர்கள் படிப்புக்கு அமைதி வேண்டும் என்று நம்பியவர்கள். ஆகவே மனித நடமாட்டமே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து, அங்கே நூலகம் கட்டினார்கள், புல்வெளி போட்டார்கள். மருத்துவக் கல்லூரிக்கும் அங்கேயே ஒரு கல் நட்டார்கள். முதல் டீனாக வந்த கிழவர் அந்தக் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "எல்லாம் சரி, நோயாளி எங்கே?" என்று கேட்டாராம். அதுவரைக்கும் யாருக்கும் அது தோன்றவில்லை. புத்தகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம், எலும்புக்கூட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம், காய்ச்சல்காரனை எதில் போட்டுக்கொண்டு வருவது? கிழவர் கல்லை விட்டுவிட்டு, நோயாளி இருந்த இடத்துக்குக் கல்லூரியைக் கொண்டுபோனார். கல் இன்னும் மலைச்சரிவில் இருக்கிறது. மாடுகளுக்கு முதுகு சொறிய வசதியாக இருக்கிறதாம்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு சின்ன விஷயத்தைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்களா? வரலாற்றுப் பேராசிரியர், மருத்துவக் கல்லூரி முதலில் தனியாகப் பிறந்தது, பல்கலைக்கழகம் பிறகுதான் அதைத் தத்தெடுத்தது, ஆகவே தனிக்குடித்தனம் என்றார். அரசியல் தெரிந்தவர் சிரித்துவிட்டு, ஓர் ஊருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தால் இன்னோர் ஊருக்கு ஏதாவது கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்றார். நிலம் கிடைத்த கதையைச் சொன்னவர் ஒருவர். டாக்டர்களின் கர்வத்துக்கு ஒரே வளாகம் போதாது என்றார் இன்னொருவர். அவர் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காதவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அமாவாசையன்று எல்லா நட்சத்திரமும் பிரகாசம்தான்.

இப்படி இருக்கையில் புதிய துணைவேந்தர் வந்தார். பாறைகளைப் பற்றிப் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவர். பாறையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எடுத்து எங்கே வைத்தாலும் அங்கே இருக்கும். மனிதர்களும் அப்படித்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். "ஒரே பல்கலைக்கழகம், ஒரே மதில், ஒரே வாசல்" என்று அறிவித்தார். மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் எழும்பியது. முன்னால் ஒரு நீரூற்று. மூன்று ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பாயும். நோயாளியின் மனசுக்கு இதமாக இருக்குமாம்.

எந்தப் பிரிவை முதலில் மேலே கொண்டுபோவது என்று யோசித்தார்கள். பிரசவ வார்டில் கூச்சல். எலும்பு வார்டில் கட்டை, கயிறு, மணல் மூட்டை. புகைப்படத்துக்கு லட்சணமாக இல்லை. சிறுநீரகப் பிரிவில் பத்து சாய்வு நாற்காலி, பத்து மெஷின், பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. பார்க்க நவீனமாக இருந்தது. "இது முதலில்" என்றார் துணைவேந்தர். ஒரு நாள் சோதனை ஓட்டம், ஒரு குழு வந்து பார்க்கும். குழு தலையை ஆட்டினால் அடுத்த மாதமே பிரிவு மலைக்குப் போய்விடும்.

சத்தக்கா நேராக டீன் அறைக்குப் போனாள். இப்போதைய டீன் நல்ல மனிதர். அதாவது, எதிரே யார் நிற்கிறாரோ அவருக்கு நல்லவர்.

"சார், கிட்னி வார்டு போயிட்டா எங்க வீட்டுக்காரர் எங்க போவார்?"

"பஸ் விடுவாங்கம்மா."

"போக மூணரை மணி நேரம், வர மூணரை மணி நேரம், நடுவுல மெஷின்ல நாலு மணி நேரம். வாரத்துக்கு மூணு நாள். அதுக்கு அந்த மனுஷன் கண்டக்டர் வேலையிலயே சேர்ந்துடலாம் சார். உக்கார ஒரு சீட்டாவது நிச்சயம்."

"மேலிடத்து முடிவும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"நடக்காதுன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்க."

டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "'சில நடைமுறைச் சிக்கல்களுடன் நடைபெறக்கூடும்'னு எழுதியிருக்கேன்."

"அந்தச் சிக்கல்ல ஒருத்தர்தான் சார் எங்க வீட்டுக்காரர்."

டீன் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். அவரால் முடிந்த எதிர்ப்பு அது.

பத்து நாளில் மலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லூரி அலுவலகத்தில் அதை ஆளாளுக்கு வாங்கிப் படித்தார்கள். சோதனை ஓட்டத்துக்கு நாற்பது நோயாளிகள் தேவை. எல்லாத் துறைகளிலிருந்தும் சம விகிதத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு புகைப்படம் கொண்டுவர வேண்டும். இதுவரை எதுவும் தப்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரிதான் முத்து. "தேர்ந்தெடுக்கப்படும் நோயாளிகள் நல்ல உடல்நிலையில் இருத்தல் வேண்டும்."

புதுமுக மாணவர்களுக்கு அனுப்பும் படிவத்தில் 'மாணவர்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நோயாளி' என்று போட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆண்டு விடுமுறையில் நோயாளிகள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் கீழே ஒரு விதி இருந்தது.

டீன் கடிதத்தைத் தலைமை சிஸ்டரிடம் கொடுத்தார். தலைமை சிஸ்டர் சத்தக்காவிடம் கொடுத்தார். எந்தக் கடிதமும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான். அவள் வார்டு வார்டாகப் போய்க் கேட்டாள்.

"என்னது, மலைக்கா? எனக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சுக்கா. புள்ளையைப் பஸ்ல பெத்துப்போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்றியா?" என்றாள் பிரசவ வார்டுக்காரி.

கால் முறிந்தவர், "காலை விட்டுட்டு நான் மட்டும் வரலாமா?" என்றார்.

கடைசியில், உண்மையில் நோய் உள்ளவர்கள் பதினொரு பேர் தேறினார்கள். மீதிக்கு, கேன்டீன்காரரின் மாமியார், எக்ஸ்ரே அறைக் காவலாளியின் தம்பி குடும்பம், ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்ட இரண்டு குமாஸ்தாக்கள் என்று சத்தக்கா கணக்கை நிரப்பினாள். நல்ல உடல்நிலையில் இருக்கவேண்டும் என்றுதானே கேட்டார்கள்? கேட்டதைக் கொடுத்தாள்.

ஆனால் அந்தப் பதினொரு பேரில் ஐந்து பேர் விஷயத்தில் விளையாட முடியவில்லை. சோதனை ஓட்டம் ஒரு புதன்கிழமை. முதல் நாளே ஐந்து மெஷின்களை லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய்விட்டார்கள். கீழே மிஞ்சிய ஐந்திலும் புதன் முழுக்க வேறு ஆட்கள். லாரியில் போன மெஷின்களின் காலை முறைக்காரர்கள் ஐந்து பேரும் மெஷின் போன இடத்துக்குப் போயாக வேண்டும். தையல்காரர் அதில் மூன்றாவது.

விடியும்போதே பஸ் புறப்பட்டது. ஐந்து பேரும் முன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். பின்னால் நல்ல உடல்நிலை உள்ள நோயாளிகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். தையல்காரருக்குத் திங்கட்கிழமையிலிருந்து உடம்பில் மூன்று கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. வளைவு ஏறும்போதெல்லாம் அவர் மூச்சு படியேறுவது போல வந்தது.

"என்னங்க, ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் இல்ல. ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகரு. மரம் பார்க்கறேன்."

"நாப்பது வருஷமா நீங்க ஊசிக் கண்ணைத் தவிர எதைப் பார்த்தீங்க? இப்ப மரம் பார்க்கணுமாம்." சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். குரல் மட்டும் வழக்கத்தில் பாதிதான் இருந்தது.

ஒன்பதரைக்குப் பல்கலைக்கழக வாசல். துணைவேந்தரின் புகழ்பெற்ற ஒரே வாசல். காவலாளி கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார். "அடையாள அட்டை?"

"நோயாளிங்க ஐயா."

"யாரா இருந்தாலும் அட்டை வேணும். மாணவருக்கு நீலம், ஊழியருக்குப் பச்சை, விருந்தாளிக்கு மஞ்சள். நோயாளிக்கு என்ன கலர்னு இன்னும் சொல்லலை."

"சொல்ற வரைக்கும்?"

"காத்திருக்கணும்."

சத்தக்கா தையல்காரரின் இடது கையைப் பிடித்து ஜன்னல் வழியே வெளியே நீட்டினாள். "இதுல விரலை வெச்சுப் பாருங்க. சும்மா வைங்க, கடிக்காது."

காவலாளி வைத்தார். தோலுக்கு அடியில் ஓடும் உறுமல் விரலில் ஏறியதும் சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"இதான் எங்க அட்டை. உங்க கிட்ட இந்தக் கலர் இருக்கா?"

பஸ் உள்ளே போனது. ஆனாலும் இதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது.

சிறுநீரகப் பிரிவு வெள்ளைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. குழுத் தலைவி வந்து வெட்டிய பிறகுதான் யாரும் ஏறலாம் என்றார்கள். சத்தக்கா ஒன்றும் வாதாடவில்லை. ரிப்பனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்க" என்று ஐந்து பேரையும் உள்ளே அனுப்பினாள். ரிப்பனின் கற்புக்கு ஒரு பங்கமும் வரவில்லை.

மெஷின்களை இயக்குகிற அம்மாவும் கூடவே வந்திருந்தார். இருபது வருஷ அனுபவம், அதிகம் பேசாதவர். மளமளவென்று ஐந்து பேருக்கும் ஊசி குத்தி மெஷினோடு சேர்த்தார். பத்து நிமிஷம் எல்லாம் சரியாக ஓடியது. பிறகு முதல் மெஷின் கூவியது. இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்தும் கூவின.

"என்னம்மா ஆச்சு?"

"தண்ணி வரலை." மெஷின் அம்மா குழாயைத் திறந்து காட்டினார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. "ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்துக்கணக்கான லிட்டர் ஓடணும். இது பல் விளக்கக்கூடப் பத்தாது."

"இப்ப ரத்தம்?"

"ரத்தம் வெளிய வருது, சுத்துது, கழுவாமலே உள்ள போகுது. கொஞ்ச நேரம் பார்ப்பேன். வரலைன்னா ரத்தத்தைத் திருப்பி ஏத்தி, ஊசியைக் கழட்டிடணும். வேற வழியில்ல."

கழற்றினால் திரும்ப மூன்றரை மணி நேரம் பஸ். கீழே போனால் மீதி ஐந்து மெஷினில் அடுத்த முறைக்காரர்கள் படுத்திருப்பார்கள். நாளைக்குத்தான் இடம் கிடைக்கும், அதுவும் கிடைத்தால். தையல்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க அனுமதி இல்லாத மனிதர். வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

சத்தக்கா ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். நீரூற்று மூன்று ஆள் உயரத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

அவள் மாடி இறங்கியதை ஓடினாள் என்று சொல்ல முடியாது. அந்த முழங்கால்கள் ஓடி வருஷமாகிறது. ஆனால் வந்து சேர்ந்துவிட்டாள். நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிக் குழி. அதன் ஓரத்தில் பம்ப்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மேல தண்ணி ஏறலை."

"ஏறாது. ஒரே குழாய்தான். இது ஓடுனா அது ஓடாது."

"அப்ப இதை நிறுத்துங்க."

"பத்தரைலேர்ந்து ஒண்ணு வரைக்கும் ஓடணும்னு பதிவாளர் எழுத்துல கொடுத்திருக்காரு. குழு வருது."

"மேல அஞ்சு பேர் ரத்தம் வெளிய கிடக்குது, அண்ணே."

பம்ப்காரர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. முகம் வாடிவிட்டது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஏதாவது வழி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையேம்மா. நான் நிறுத்தினா என் வேலை போயிடும்."

"நீங்க நிறுத்த வேணாம். எந்தச் சக்கரம்னு கையால காட்டவும் வேணாம். கண்ணால பாருங்க, போதும்."

பம்ப்காரர் சுற்றிலும் பார்த்தார். பிறகு, குழிக்குள் இடது பக்கம் இருந்த சிவப்புச் சக்கரத்தை வெகுநேரம் வெறித்துப் பார்த்தார்.

சத்தக்கா குழிக்குள் இறங்கினாள். சக்கரம் துருவேறி இறுகியிருந்தது. முப்பத்தோரு வருஷம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்த கை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்று ஆள் உயரம் இரண்டானது, ஒன்றானது, முழங்கால் உயரத்துக்கு வந்து கொப்புளித்து அடங்கியது.

அதே நேரத்தில் கார்கள் வந்து நின்றன. துணைவேந்தர் முதல் காரிலிருந்து இறங்கி, கையை நீட்டி, "இதோ நமது..." என்று ஆரம்பித்தார். எதைக் காட்ட வந்தாரோ அது இல்லை. குழுத் தலைவியான வயதான அம்மாள் அவர் கை காட்டிய திசையில் வெறுந்தொட்டியை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"யார் இதை நிறுத்தினது?" துணைவேந்தர் பம்ப்காரரைப் பார்த்தார். பம்ப்காரர் ஸ்டூலைப் பார்த்தார்.

"நான்தான்!" என்று குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று வார்டுக்குக் கேட்கும் குரல், குழியின் எதிரொலியும் சேர்ந்துகொண்டது. நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்களாம். முதலில் ஒரு தலையும் தோளும் மேலே வந்தன. பிறகு, சேலை நுனியெல்லாம் சேறாக, சத்தக்கா முழுதாக வந்தாள்.

"யாரும்மா நீ?"

"கீழ ஆஸ்பத்திரி வார்டு ஆயா. மேல அஞ்சு மெஷினும் தண்ணியில்லாம கத்துது. அதுல ஒண்ணுல எங்க வீட்டுக்காரர் இருக்கார். இந்தத் தண்ணி மேல போய் அங்க ஓடட்டும். நீங்க வேணும்னா அங்க வந்து பாருங்க. அதுவும் அழகாத்தான் இருக்கும்."

துணைவேந்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழுத் தலைவி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அதிகம் யோசித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. "இந்தச் சுற்றுவட்டாரத்துல எத்தனை ஜனம் இருக்காங்க, சார்?"

"பேராசிரியர்கள், மாணவர்கள், ஊழியர்கள்..."

"நோய் வர்ற ஜனம்."

துணைவேந்தர் கொஞ்சம் தடுமாறினார். "விளம்பரம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்" என்றார்.

மேலே போனார்கள். குழாயில் தண்ணீர் ஏறி மெஷின்கள் கூவலை நிறுத்தியிருந்தன. ஐந்து பச்சை விளக்கு. தையல்காரர் கண்ணைத் திறந்து, சேற்றோடு வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். "எங்க விழுந்தே?"

"மரம் பார்க்கப் போனேன்."

பக்கத்து அறையில் பேராசிரியர்கள் நல்ல உடல்நிலை நோயாளிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீன்காரரின் மாமியாருக்கு இதயம் இருபது வயசுக்காரிபோல இருக்கிறது என்று குழுவிடம் பெருமையாகச் சொன்னார்கள். மலைக்காற்றின் மகிமையாம்.

குழுவின் அறிக்கை நான்கு மாதத்தில் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வரலாற்றுக் காரணங்கள், நிர்வாகக் காரணங்கள், நிலம் தொடர்பான காரணங்கள், வருங்கால வளர்ச்சி நோக்கு ஆகியவற்றைக் கருதி மருத்துவக் கல்லூரி தனி வளாகத்திலேயே தொடர்வது உசிதம் என்று முடித்திருந்தார்கள். நோயாளி கீழே இருக்கிறான் என்ற காரணம் அதில் இல்லை. அவ்வளவு பெரிய புத்தகத்தில் அவ்வளவு சின்னக் காரணத்துக்கு இடம் எங்கே? வெள்ளைக் கட்டடம் வீணாகப் போகவில்லை. அங்கே மருத்துவமனையை நடத்துவது எப்படி என்று இரண்டு வருஷப் படிப்பு ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி தொந்தரவு இல்லாததால் பாடம் நன்றாக நடக்கிறதாம்.

ஐந்து மெஷினும் லாரியில் இறங்கி வந்தன. தையல்காரருக்கு மறுபடி திங்கள், புதன், வெள்ளி, பத்து நிமிஷ நடை.

சத்தக்காவுக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றி நீரூற்றை நிறுத்தியது ஏன் என்று விளக்கம் அளிக்க, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மலை வளாகத்தில் நேரில் ஆஜராக வேண்டும். அவள் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "புதன்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு மெஷின். வியாழக்கிழமை வர்றேன்னு எழுதிப் போடுங்க" என்றாள். வேறு நாள் கேட்கும் உரிமை ஊழியருக்குக் கிடையாது என்று குமாஸ்தா விதியைக் காட்டினார். "நான் எங்க கேக்கறேன்? சொல்றேன்" என்றாள். வியாழக்கிழமையே போனாள்.

விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது மணிக்கு வரச் சொன்னா, பத்து மணிக்கு வர்றீங்க. ஏம்மா?"

"முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் சார். மூணரை மணி நேரம். அப்புறம் உங்க வாசல்ல அரை மணி நேரம்."

"அப்ப, அங்கேர்ந்து யாரும் ஒன்பது மணிக்கு இங்க வரவே முடியாதா?"

"நல்ல உடம்போட இருந்தாலே முடியாது சார்."

அதிகாரி நியாயஸ்தர். பேனாவை எடுத்து, 'தூரம் காரணமாக உரிய நேரத்தில் வர இயலவில்லை. ஏற்கத்தக்கது' என்று கோப்பில் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கும் எட்டாத ஞானம், ஒரு தாமதக் குறிப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. அது யார் கண்ணிலும் படாமல் அலமாரிக்குள் போனது. பிறகு அவர் அடுத்த தாளை எடுத்து, பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் சந்து வழியாக இருவரும் நடந்தார்கள்.

"என்னன்னு எழுதினாங்க?" என்று கேட்டார் தையல்காரர்.

"அனுமதி இல்லாம தண்ணியை மூடினாள்னு."

அவர் நின்றுவிட்டார். வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதருக்குக் கோபம் வந்து, மூச்சும் வாங்கியது. "மூடினியா? திறந்துல்ல விட்டே! எங்க அஞ்சு பேருக்கும் திறந்துவிட்டது நீதானேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மறுபடி போய் அதைச் சொல்லிட்டு வர ஒரு நாள் பூரா ஆகுங்க. நடங்க. சீக்கிரம் போனா ஜன்னலோர நாற்காலி கிடைக்கும்."